இளவேனில் நடையும் ஊர்ச் சரித்திரமும்



வெயில் இன்னும் முற்றாத இந்தப் பங்குனி மாலையில், தாம்பரத்தில் கூடியிருக்கும் இந்த அவையின்முன் ஊர்ச் சரித்திரத்தைப் பற்றிப் பேசவேண்டும் என்று இக்கூட்டத்தை நடத்தும் அறக்கட்டளையார் பணித்தபோது, மன்னர்களின் வமிசாவளியையும் போர்களின் வரிசையையும் எடுத்துக்கொண்டு வருவதைக் காட்டிலும், கட்டுச்சோற்று மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு காலாற நடந்து சென்று காணத்தக்க சரித்திரத்தைப் பேசுவதே இந்தப் பருவத்துக்கும் இந்தப் பிரதேசத்துக்கும் ஏற்றது என்று எனக்குத் தோன்றியது. அந்த அபிப்பிராயத்தை மறுக்காமல் ஏற்றுக்கொண்ட அவர்களுக்கு என் நன்றி.

ஜப்பான் தேசத்தில் வசந்தம் பிறந்ததும் ஜனங்கள் குடும்பம் குடும்பமாகச் செர்ரி மரத்தடிக்குச் சென்று, பாய் விரித்து அமர்ந்து, உண்டு களித்துப் பூக்களைக் கண்டு திரும்பும் வழக்கம் உலகறிந்தது. அந்தக் களிப்புக்குள் ஊரைக் கற்கும் வித்தை ஒன்றும் அடங்கியிருக்கிறது என்பதை நம்மவர் அவ்வளவாகக் கவனித்ததில்லை. இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரத்தின் வடபுறத்தில், அசுகயாமா என்னும் குன்றின்மேல், 18ஆம் நூற்றாண்டில் எட்டாவது ஷோகனாகிய யோஷிமுனே செர்ரி மரங்களை வைப்பித்து, அதனைச் சாமானிய ஜனங்களின் உல்லாசத்துக்குத் திறந்துவிட்டார். அந்த இடத்தின் பூர்வ சரித்திரத்தைச் சொல்லும் கல்வெட்டு ஒன்றும் 1737இல் அங்கே நாட்டப்பட்டது. அதன் வாசகம் பண்டிதரும் திணறும்படியான கடின நடையில் அமைந்துவிட்டது. பூப் பார்க்க வந்த ஜனங்கள் படிக்க இயலாமல் கும்பிட்டுவிட்டுப் போனார்கள் என்று அக்காலத்துக் குறும்பாக்கள் சொல்லும். ஆயினும் அவர்கள் அந்தக் கல்லின்முன் நின்றார்கள் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதே நகரில், கண்டா பகுதியின் தலைமைக்காரர்களாக இருந்த சைத்தோ குடும்பத்தார், பாட்டன் தொடங்கித் தந்தை தொடர்ந்து பேரன் முடிக்க, தங்கள் நகரத்தின் கோயில்கள், பாலங்கள், பூந்தோப்புகள், சந்தைகள், குளக்கரைகள் ஆகியவற்றையெல்லாம் தேடி விசாரித்து, 20 பாகங்கள் கொண்ட பெருநூலாக 1834, 1836 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார்கள். ஹசெகவா செத்தான் என்னும் ஓவியர் அதற்குச் சித்திரம் வரைந்தார். அவர்கள் அரசாங்கத்துச் சரித்திராசிரியர்கள் அல்லர். நம் நாட்டு மணியக்காரரையும் கணக்குப்பிள்ளையையும் ஒத்த ஊர்ப் பொறுப்பாளர்கள். எந்த மரம் எந்தப் பருவத்தில் பூக்கும் என்பதையும், எந்தக் கோயிலை யார் கட்டினார் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லும் மனப்பாங்கு அவர்களுக்கு இயல்பாக வாய்த்திருந்தது. சுற்றுலாவும் சரித்திரமும் அங்கே இரண்டு துறைகளாகப் பிரியவில்லை. தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் அப்படி ஒரு குடும்பம் இன்னும் வாய்க்கவில்லை என்பதே நான் இன்று முன்வைக்கும் குறை.

பங்குனியைப் பின்பனியில் சேர்த்துச் சித்திரையிலிருந்தே இளவேனிலைத் தொடங்குவது நம் நூல் மரபு. ஆனால் இந்தக் கடலோரப் பிரதேசத்தில் பங்குனி பாதியிலேயே புங்கமரம் பழைய இலையை உதிர்த்துத் தளதளவென்று தளிர்த்துவிடுகிறது; அதன் வெளிர் ஊதாப் பூக்கள் நடைபாதையில் பொரி இறைத்தாற்போல் கிடக்கின்றன; வேம்பு பூத்து, வருஷப் பிறப்புப் பச்சடிக்கு ஆயத்தமாகிறது; பின்னால் சித்திரையில் சரக்கொன்றை தொங்குகிறது. நம்முடைய வசந்தம் நீர் வற்ற வற்றப் பிறப்பது. மார்கழியில் கரை தளும்ப நின்ற ஏரி உள்வாங்க, மதகின் கல்தூண்கள் அடிவரை தெரிகின்றன. குன்றுகளின்மேல் புதர் மெலிந்து பாறையின் முகம் வெளிப்படுகிறது. சரளைக் குழிகளில் மழைநீர் வடிந்து மண்ணின் அடுக்குகள் கண்ணில் படுகின்றன. பூமி தன்னை மறைக்காத பருவம் இது. இப்பிரதேசத்தின் சரித்திரத்தில் தலைசிறந்த சம்பவங்கள் சில, வியக்கத்தக்க விதமாக, இதே பருவத்தில்தான் நிகழ்ந்திருக்கின்றன.

அவற்றுள் முதன்மையானது பல்லாவரத்தில் நிகழ்ந்தது. 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் தேதி, அதாவது வைகாசி மாதத்தில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் இளைஞர், பல்லாவரத்துப் பட்டாளத்தின் அணிவகுப்பு மைதானத்தில் சரளை தோண்டிய ஒரு சிறு குழியில் கல்லொன்றைக் கண்டெடுத்தார். குழிகளை எட்டிப் பார்ப்பது அவருடைய தொழில். அன்று அவருடைய கண் பிடித்தது மனிதன் கைபட்ட ஒரு கல். இருமுகமும் சில்லுச் சில்லாகப் பெயர்த்து, ஒருபுறம் கூர்மையும் மறுபுறம் உள்ளங்கை பற்றுவதற்குரிய தடிப்பும் அமையச் செதுக்கிய கற்கோடரி அது. பாரத தேசத்தில் உலோகம் அறியாத ஆதிமனிதன் வாழ்ந்தான் என்பதற்குச் சான்றாக இனங்காணப்பட்ட பழைய கற்காலக் கருவிகளுள் முதலாவது என்ற பெருமை இந்தப் பல்லாவரத்துக் கல்லுக்கே உரியது. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் திருவள்ளூருக்கு அப்பால் அத்திரம்பாக்கத்தில் அதே வகைக் கருவிகளை ஏராளமாகக் கண்டனர். நம் காலத்தில் அத்திரம்பாக்கத்தை அகழ்ந்த சாந்தி பப்புவும் அவருடைய சகாக்களும், அங்குள்ள கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் வெளியிட்டபோது உலகத்து அறிஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பல்லாவரத்துக் குழி இன்று எந்தக் கட்டடத்தின் அடியில் கிடக்கிறதோ! அந்த ஸ்தலத்தை நினைவூட்டும் கல்லொன்று, தினமும் அவ்வழியே ரயிலேறும் ஆயிரமாயிரம் பேரின் கண்ணில் படும்படி நிற்கவேண்டியது நியாயம்.

பல்லாவரத்தின் பழைமை அந்தக் கோடரியோடு நின்றுவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், தொல்லியல் துறையைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் ரீ இங்குள்ள மேட்டு நிலத்திலிருந்து சுடுமண் ஈமப்பேழைகளை வெளிப்படுத்தினார். வரிசை வரிசையாகக் குட்டைக் கால்கள் வைத்து, மூடியும் பொருத்தி, தொட்டில் போலவும் தொட்டி போலவும் செய்யப்பட்ட அந்தப் பேழைகளில் இறந்தோரின் எலும்பை இட்டுப் புதைத்தவர்கள் இரும்பறிந்த பெருங்கற்கால மக்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் செல்வோர் அத்தகைய பேழையின் முன்னர்ச் சற்று நின்று, அந்தக் கால்களை எண்ணிப் பார்க்கவேண்டும். மண்ணைத் தொடாமல் உயர்ந்து நிற்கட்டும் என்று கால் வைத்தார்களோ, பிறகு அதை மண்ணுக்குள்ளேயே இறக்கினார்களோ, அந்தக் குயவனின் உள்ளம் நமக்கு எட்டவில்லை. அவனுடைய விரல் அழுத்திய தடம் எட்டுகிறது.

மூன்றாவது அடுக்கு பல்லவருடையது. ஊர்ப்பெயரிலேயே பல்லவர் நின்றுகொண்டிருக்க, முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த குகைக்கோயில் குன்றின்மேல் இருக்கிறது. கீழும் மேலும் சதுரமாகவும் நடுவே எட்டுப் பட்டையாகவும் செதுக்கிய தூண்கள், அவற்றின் பின்னே வரிசையாக ஐந்து கருவறைகள், உத்தரத்தில் பல்லவ கிரந்த எழுத்தில் மன்னனுடைய விருதுப் பெயர்கள். இந்தக் குகை நெடுங்காலமாக இஸ்லாமியப் பெரியோர்களின் தர்காவாக விளங்குகிறது. நம்பிக்கையோடு வருவோர் ஊதுபத்தி ஏற்றித் தொழுது செல்கிறார்கள். இந்த நிலையைக் குறித்து மனங்கலங்குவோரும் உண்டு. என் எண்ணம் வேறு. ஆளற்றுப் பாழடைந்த எத்தனையோ குகைகளைவிட, பெருக்கி மெழுகி விளக்கேற்றி வழிபடும் கரங்கள் உள்ள குகை நல்வினை செய்தது. அதன் எழுத்துகளின்மேல் சுண்ணாம்பு ஏறாமல் காப்பதற்கு அந்தப் பக்தர்களையே துணையாகக் கொள்வதுதான் முறை. அசுகயாமாவில் கல்வெட்டைப் படிக்காமல் கும்பிட்டவர்களைப் போல இங்கும் படிக்காமல் கும்பிடுகிறோம். படித்துக் காட்ட ஒருவர் அருகில் இருப்பாரானால் அந்தக் கும்பிடு இன்னும் ஆழமாகும்.

இவ்வூர் மண்ணைப் போலவே கல்லுக்கும் கீர்த்தி உண்டு. கல்கத்தா நகரத்தை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் பதித்த கரும்பலகை சென்னைப் பக்கத்துக் கல் என்பதைக் கண்டு, ஹாலந்து என்னும் நிலவியலாளர் 1893இல் அந்தப் பாறை வகைக்குச் சார்னாக்கின் பெயரையே சூட்டினார். பரங்கிமலையிலும் பல்லாவரத்துக் குன்றுகளிலும் உள்ள அந்தச் சார்னாக்கைட் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழைமையானது. பரங்கிமலையில் அதற்கென ஒரு பகுதி தேசிய நிலவியல் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. எஞ்சிய குன்றுகளில் பெரும்பாலானவை ஜல்லியாகிவிட்டன. திரிசூலத்துக் குவாரிகளின் அடியில் தேங்கி நிற்கும் நீரைக் காணும்போது, அந்த நீர் நிற்கும் இடத்தில் ஒரு மலை நின்றது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். அங்கேயே, விமான நிலையத்துக்கு எதிர்ப்புறம், சோழர் காலத்துத் திரிசூலநாதர் கோயில் சந்தடி இல்லாமல் வீற்றிருக்கிறது.

பரங்கிமலையில் பங்குனிக் கதை ஒன்றும் உண்டு. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் தேதி, வில்லியம் லாம்டன் என்னும் படைத்துறை அதிகாரி, பாரத தேசம் முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த மகத்தான அளவைக்கு அடிக்கோடு இடத் தொடங்கினார். மலையடிவாரத்தின் சமவெளியில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அந்தக் கோடு தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கிச் சென்றது. அதனை அளந்த எஃகுச் சங்கிலி 100 அடி நீளம். சீனச் சக்கரவர்த்திக்குக் காணிக்கையாகக் கொண்டுபோய் அவர் வேண்டாம் என்று தள்ளிவிட்ட பொருள்களுள் ஒன்றாக இருந்து, கைமாறி லாம்டனிடம் வந்தது. வெயிலில் உலோகம் நீளும் என்பதனால், மரப்பெட்டிகளில் சங்கிலியைப் படுக்கவைத்து, மேலே கூடாரத்துணி விரித்து, உஷ்ணமானியில் சூட்டைப் பார்த்துப் பார்த்துக் கணக்கில் சேர்த்துக்கொண்டே நகர்ந்தார்கள். சித்திரை வெயிலில் வயல்வெளிகளின் ஊடே கூடாரத்தை நூறடி நூறடியாகப் பெயர்த்து நகர்த்திய கூலியாட்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. இமயத்தின் சிகரங்களை அளந்து முடித்த அந்தக் கணக்கின் முதல் அடி, அந்தப் பெயரற்றவர்களின் காலடி. அவர்களுள் பலர் இந்தச் சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்களாகவே இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

நம் முன்னோர் இளவேனில் நடை அறியாதவர்கள் அல்லர். அவர்கள் அதை யாத்திரை என்றும் உற்சவம் என்றும் வைத்துக்கொண்டார்கள். திருநீர்மலைக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு புளியோதரையும் தயிர்சாதமும் மூட்டை கட்டிப் போன நினைவு இந்த அவையில் உள்ள முதியோர் சிலருக்கேனும் இருக்கும். நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு திருக்கோலங்களில் பெருமாள் சேவை சாதிக்கும் அந்த மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்தமையால், திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து நீர் வடிந்தபின் ஏறிச் சேவித்தார் என்பது ஸ்தல ஐதிகம். சரித்திரம் பயில்வோன் அதைப் பக்திக் கதை என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடக்கூடாது. மலையைச் சூழ நீர் நின்ற ஒரு தாழ்நிலத்தின் இயல்பை, மழைக்காலத்தில் அங்கே கால்வைக்கலாகாது என்ற எச்சரிக்கையை, அந்தக் கதை ஆயிரம் ஆண்டுகளாகத் தன் மடியில் கட்டிக் காத்து வந்திருக்கிறது. அதே அடையாற்றுப் படுகையில் 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் முழுகியபோது, மாடியில் தவித்து நின்றவர்களுக்கு ஆழ்வார் காத்திருந்த கதையை முன்பே பொருளோடு சொல்லியிருந்தோமா என்று எனக்கு வருத்தம் மேலிட்டது.

திருநீர்மலையிலிருந்து இன்னும் மேற்கே போனால் குன்றத்தூர். சேக்கிழார் பெருமான் அவதரித்த ஊர். இரண்டாம் குலோத்துங்கன் காலத்து அமைச்சராக இருந்தவர், கும்பகோணத்தை அடுத்த திருநாகேஸ்வரத்தில் உள்ளம் தோய்ந்து, அந்தப் பெயரிலேயே தம் ஊரிலும் ஒரு கோயில் எடுப்பித்தார். தாம்பரத்துக்குக் கிழக்கே மாடம்பாக்கத்தில் தேனுபுரீஸ்வரர் கோயிலின் கருவறை, படுத்த யானையின் பின்புறம் போல வளைந்து முடியும் சோழர் காலக் கட்டடம். அருணகிரிநாதர் திருப்புகழ் பெற்ற ஸ்தலம். அதற்கும் கிழக்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் வடிகால். 2022இல் ராம்சர் பட்டியலில் இடம் பெற்றது.

இனித் தாம்பரத்துக்கு வருவோம். இந்த ஊர் நகரமான கதை இருப்புப்பாதையின் கதை. கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. அந்த மீட்டர் கேஜ் பாதையில் மின்சார வண்டி 2004 வரை ஓடிற்று. நகரத்து நெரிசலினின்றும் தப்பி, நல்ல காற்றைத் தேடி வந்த குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் வீடு கட்டினார்கள். நல்ல காற்று என்பது அக்காலத்தில் உயிர் காக்கும் மருந்தாகவே மதிக்கப்பட்டது. டாக்டர் சௌரிமுத்து, இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளிடையே காசநோய் சிகிச்சை நிலையம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றார். சௌரிமுத்து தாயகம் திரும்பி 1928இல் தாம்பரத்தில் நிறுவியதே நாம் இன்று சானடோரியம் என்று வழங்கும் மருத்துவமனை. 1937இல் அரசாங்கம் அதை ஏற்றது. ஒரு ரயில் நிலையமே அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அதே 1937இல், ஜார்ஜ் டவுனில் நூறாண்டு வளர்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரி சேலையூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. ரசாயனப் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவருடைய மனைவியாரும் அந்த வளாகத்தில் மரங்களை நட்டு வளர்த்தார்கள். இன்று புள்ளிமான் மேயும் அந்தக் குறுங்காடு, ஒருகாலத்தில் இப்பிரதேசம் முழுவதும் எவ்வாறு இருந்தது என்று காட்டும் எச்சம். அக்கல்லூரி இங்கே வருவதற்கு முன்பே, அதில் தமிழ் பயிற்றிய மறைமலையடிகள் 1911இல் பதவியை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறி, 1950இல் மறையும் வரை அங்கேயே நூல்களின் நடுவே வாழ்ந்தார். தனித்தமிழ் இயக்கம் 1916இல் முளைத்தது அந்த வீட்டில். கற்கோடரியும் ஈமப்பேழையும் பல்லவர் எழுத்தும் கிடைத்த மண்ணில் ஒரு மொழியின் மறுமலர்ச்சியும் வித்திடப்பட்டது தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயலை அறிந்து வாழ்பவன் அறியாது வாழ்பவனைவிடச் செல்வந்தன்.

நம்மில் மிகப் பலர் வந்தேறிய குடும்பத்தார். தஞ்சையும் நெல்லையும் ஆர்க்காடும் நம் பூர்வீகம். குலதெய்வம் வேறெங்கோ இருக்கிறது. அதனால் இந்த ஊரை இரவில் தங்கும் சத்திரமாகவே பலர் எண்ணிவிட்டார்கள். பல்லாவரத்துப் பெரிய ஏரியை ரேடியல் சாலை இரண்டாகப் பிளந்தபோதும், எஞ்சிய நீரில் குப்பை விழுந்தபோதும், எழுந்த குரல் சொற்பமே. 2021இல் தாம்பரம் மாநகராட்சியாகியது. மாநகரத்துக்குரிய வரி வந்துவிட்டது, மாநகரத்துக்குரிய சரித்திர நூல் வரவில்லை. அதை அரசாங்கம் எழுதித் தரும் என்று காத்திராமல், சைத்தோ குடும்பம்போல் தெருவுக்குத் தெரு சிலர் கிளம்பவேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

கியோட்டோ நகரத்து அரசவையினரும் துறவிகளும் தத்தம் நாட்குறிப்பில் செர்ரி பூத்த தேதியை எழுதிவைத்த பழக்கத்தால், 9ஆம் நூற்றாண்டு முதலான குறிப்புகள் ஆராய்ச்சியாளருக்குக் கிடைத்திருக்கின்றன. 2021இல் மார்ச் 26ஆம் தேதியே பூ உச்சத்தை எட்டியது, ஆயிரத்திருநூறு ஆண்டுக் குறிப்புகளில் மிக முந்தியது என்று அவற்றைக் கொண்டே சொல்ல முடிந்தது. உல்லாசமாகப் போனவர்கள் ஒரு வரி எழுதிவைத்தார்கள்; அந்த வரி பூமி சூடேறுவதற்குச் சாட்சியாயிற்று.

ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை விடியலில், பழைய பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமைச் சந்தை கூடும் சாலையிலிருந்து முதல் நடையைத் தொடங்கலாம் என்று உத்தேசம். குகைக்குப் போய், தர்காவின் பெரியோரிடம் அனுமதி பெற்று, எழுத்துகளைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறுமுன் ஏரிக்கரைக்கு இறங்கிவிடலாம். மாணவர்கள் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் கொண்டுவரவேண்டும். முதல் பக்கத்தில் அவரவர் தெருவின் புங்கமரம் பூத்த தேதி. இரண்டாவது பக்கத்தில் ஏரியின் மதகு எத்தனை, கலங்கல் எந்தப் பக்கம், மிஞ்சிய நீர் எந்த ஏரிக்குப் போயிற்று என்று கரையோரத்து முதியவர் ஒருவரைக் கேட்டு எழுதும் குறிப்பு. கேட்கும்போது அவருடைய பெயரையும் வயதையும் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள். லாம்டனின் சங்கிலியைத் தூக்கியவர்களுக்கு நேர்ந்தது இவர்களுக்கும் நேரவேண்டாம்.